ஆயில் இறங்கிய கிளட்ச்: மாற்றி இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

கிராங்க் ஷாஃப்டின் (இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) பின்பக்க ஆயில் சீல் போய், இன்ஜின் ஆயில் கிளட்ச் வரைக்கும் இறங்கிவிட்ட கார் என்னுடையது. சீலையும் கிளட்ச் செட்டையும் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. புது கிளட்ச் எதுவானாலும் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும், ஒழுகல் உண்மையிலேயே நின்றதா என்பது தெரிய நாளாகும், அதனால்தான் இவ்வளவு பொறுத்து எழுதுகிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உடனே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஆயில் எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியாமல் கிளட்ச் பிளேட்டை மாற்றாதீர்கள். புது பிளேட்டும் அதே ஆயிலைக் குடித்துவிட்டு அதே நிலைக்கு வந்து நிற்கும்.

எனக்கு முதலில் வந்தது ஸ்லிப் (கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவது) இல்லை, நடுக்கம். முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடும்போது, சரியாகப் பிடிக்கும் அந்த இடத்தில், வண்டி மொத்தமும் உதறும். பலர் இதை இன்ஜின் மவுண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு மவுண்டை மாற்றுகிறார்கள், மாற்றியும் உதறல் போகாது. பிளேட்டில் ஆயில் கொஞ்சமாகப் பட்டிருக்கும்போது ஓரிடம் பிடிக்கும், ஓரிடம் வழுக்கும், அதுதான் இந்த உதறல். ஆயில் கூடக்கூடத்தான் ஸ்லிப் வரும். என் வண்டியிலும் அதே வரிசைதான். சில மாதம் கழித்து ஏற்றத்தில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறும், வேகம் அங்கேயே நிற்கும், கூடவே ஒரு கருகல் வாடை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா என்று பார்க்க நல்ல வழியும் இதுதான்: ஆளில்லாத சாலையில், உயர்ந்த கியரில், 2000 ஆர்பிஎம் வாக்கில் முழுசாக மிதித்துப் பாருங்கள். நல்ல கிளட்ச் என்றால் ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏறும்.

ஒழுகல் எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது என்றதுமே பின் சீல்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் ஆயில் கீழ்நோக்கித்தான் இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங்கில் கசிந்தாலும் இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கடைசியில் அதே இடத்தில், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் கூட்டின் அடியில்தான் சொட்டாக நிற்கும். பேக்கிங் மாற்றுவது சின்ன வேலை, பின் சீல் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் இன்ஜினை நன்றாகக் கழுவி, காயவைத்து, ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொன்னேன். அப்படியும் தெரியாவிட்டால் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து அல்ட்ரா வயலட் விளக்கில் பார்க்கலாம், எனக்கு அதற்குத் தேவை வரவில்லை. மேலே எல்லாம் உலர்ந்திருந்தது. பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் மட்டும் ஒரு கருஞ்சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சொட்டை ஒரு வெள்ளைத் தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும், இது முக்கியம். ஏனென்றால் அதே ஓட்டை வழியாக மூன்று விதமான திரவம் வரலாம். கரும்பழுப்பாக, சாதாரண கருகிய எண்ணெய் வாடையில் இருந்தால் இன்ஜின் ஆயில். கந்தகம் போல மூக்கைத் துளைக்கிற நாற்றம் என்றால் பெரும்பாலும் கியர் ஆயில், அதாவது கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டின் சீல் போயிருக்கிறது. தண்ணீராக, நீர்த்துப்போய், பட்ட இடத்தில் பெயின்ட் உரிகிறது என்றால் ஹைட்ராலிக் கிளட்சின் ஃப்ளூயிட், மேலே உள்ள அந்த ஃப்ளூயிட் டப்பாவிலும் அளவு குறைந்திருக்கும். என் தாளில் இருந்தது இன்ஜின் ஆயில். டிப்ஸ்டிக்கிலும் அளவு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, ஆகப் பொருந்தியது.

கழுவிவிட்டால் சரியாகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெல் ஹவுசிங் ஓட்டை வழியாகப் பிரேக் கிளீனர் அடித்துப் பார்த்தோம். சில நாள் ஸ்லிப் குறைந்தது, பிறகு திரும்ப வந்துவிட்டது. பிளேட்டின் உராய்வுப் பட்டை நார்களைப் பிசினில் வைத்து அழுத்திச் செய்தது, உள்ளே நுண்ணிய துளைகள் நிறைய. ஆயில் அதற்குள் ஊறிவிடும். மேலே துடைத்தால் மேலே உள்ளதுதான் போகும், ஓட்டிச் சூடானதும் உள்ளே இருப்பது மறுபடி மேலே வந்துவிடும். பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே கிடக்கிறதே என்பவர்களுக்கு: பெரும்பாலான பைக்குகளில் இருப்பது ஆயிலில் ஓடுவதற்கென்றே செய்த பல தட்டு கிளட்ச், அதற்காகத்தான் பைக் ஆயிலுக்கு ஜாசோ எம்ஏ என்று தனித் தரம் இருக்கிறது. சாதாரண மேனுவல் காரில் இருப்பது உலர் கிளட்ச். அதற்கு ஆயில் ஆகவே ஆகாது.

ஒழுகலை நிறுத்துவதாகச் சொல்லும் சேர்மானத் திரவங்களும் கிடைக்கின்றன. ரப்பர் சீல் காய்ந்து லேசாகக் கசிந்தால் அதைக் கொஞ்சம் இளக்கிக் கசிவைக் குறைக்கலாம். தேய்ந்துபோன சீலுக்கு அது உதவாது, ஏற்கெனவே ஊறிய பிளேட்டுக்குச் சுத்தமாக உதவாது. நான் வாங்கவில்லை.

அப்படியே ஓட்டலாமா என்றால், சொட்டு மட்டும் இருக்கிறது, கிளட்ச் நன்றாகப் பிடிக்கிறது என்றால் ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டே கொஞ்ச காலம் ஓட்டலாம். ஸ்லிப் தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு ஸ்லிப்பும் சூடு, அந்தச் சூட்டில் ஃபிளைவீலில் (கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் கனச் சக்கரம், கிளட்ச் பிளேட் இதில்தான் அழுந்திப் பிடிக்கும்) நீலக் கறை விழும், பிளேட்டை அதன் மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளரும், பிளேட்டோடு முடிய வேண்டிய செலவு ஃபிளைவீல் வரைக்கும் போகும்.

கியர்பாக்ஸை இறக்கிய அன்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பெல் ஹவுசிங் உள்ளே ஆயிலும் பட்டைத் தூளும் சேர்ந்து கருஞ்சேறாக அப்பியிருந்தது. பிளேட் ரிவெட்டுகளைச் சுற்றி ஈரம், பட்டை சில இடத்தில் கண்ணாடி போலப் பளபளத்தது. ஃபிளைவீலின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சக்கர ஆரம்போலக் கோடு கோடாக ஆயில் தெறித்த தடம். சுழலும்போது ஆயில் வெளியே வீசப்படுவதால் வருவது அது, நடுவில் இருந்து கிளம்புகிறது என்றால் சீலோ ஃபிளைவீல் போல்ட்டோதான் காரணம். சில இன்ஜின்களில் ஃபிளைவீல் போல்ட் துளைகள் கிராங்க் கேஸுக்குள்ளேயே (கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் இன்ஜின் கூடு) திறந்திருக்கும், மரையில் சீலன்ட் தடவாமல் போட்டால் அதன் வழியாகவும் ஆயில் வரும். இதைத் தெரியாமல் சீலை மட்டும் மாற்றிவிட்டு, திரும்பவும் ஒழுகுகிறது என்று சீலைக் குறை சொல்பவர்கள் உண்டு.

நான் வேலை கொடுத்த இடத்தில் பிளேட் மட்டும் போட்டால் போதும், பிரஷர் பிளேட் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வேலையில் பெரிய செலவே கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான், ஒரு ரிலீஸ் பேரிங்குக்காக (பெடலை மிதித்ததும் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) மறுபடி அதை இறக்க முடியுமா? பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் சீல், கியர்பாக்ஸ் இன்புட் சீல் எல்லாம் ஒன்றாகவே மாற்றச் சொன்னேன். ஃபிளைவீலை லேத்தில் லேசாகச் சீவி எடுத்தார்கள். உங்கள் வண்டியில் டூயல் மாஸ் ஃபிளைவீல் (உள்ளே ஸ்பிரிங் வைத்த, இரண்டு பாகமான வகை) இருந்தால் கவனம், பொதுவாக அதைச் சீவ மாட்டார்கள், கரைப்பானை ஊற்றிக் கழுவினால் உள்ளே இருக்கும் கிரீஸும் கரைந்துவிடும்.

சீல் ஏன் போனது என்பதையும் கேளுங்கள். என் வண்டியில் இன்ஜினின் உள் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வு அடைத்துக் கிடந்தது. இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறினால், எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். பெட்ரோல் வண்டியில் ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு மெல்லிய தாளை வைத்தால், பெரும்பாலான இன்ஜின்களில் அது லேசாக உள்ளே இழுபட வேண்டும். என்னுடையதில் எழும்பிப் பறந்தது. வால்வை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் புது சீலும் சீக்கிரம் போயிருக்கும்.

சீல் போடுவதிலும் விஷயம் இருக்கிறது. பழைய சீல் உரசிய இடத்தில் கிராங்க் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் அதன் மேல் மெல்லிய ஸ்லீவ் போட்டுத்தான் புது சீல் போட வேண்டும். எனக்குத் தட்டவில்லை. அப்புறம், பிடிஎஃப்இ (டெஃப்ளான்) வகை சீல் என்றால் தண்டில் உரசும் அதன் விளிம்பில் ஆயில் தடவாமல் உலர்வாகவே போட வேண்டும், போட்டதும் ஸ்டார்ட் செய்யாமல் சில மணி நேரம் விட வேண்டும். பழைய ரப்பர் சீல் பழக்கத்தில் ஆயில் தடவிவிடுவார்கள், பெட்டியோடு வரும் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். புது பிளேட்டைத் தொடும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும், இன்புட் ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் துளியளவுதான், அதிகமானால் அதுவே தெறித்துப் பிளேட்டில் படும்.

மாற்றிய பிறகு முதல் 500 கிலோமீட்டர் வரைக்கும் பதமாக ஓட்டினேன், அதிக பாரம் இல்லை, ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் நிறுத்துவதில்லை. முதல் சில நாள் லேசான வாடை இருந்தது, புது பட்டை படிகிற வரைக்கும் அது இருக்கும்.

இப்போது? நடுக்கம் இல்லை, முழு பாரத்தோடு ஏற்றம் ஏறினாலும் ஸ்லிப் இல்லை. மழை நாளில் இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும்போது முதல் ஒன்றிரண்டு தடவை லேசாக உதறுகிறது. ஃபிளைவீல் மேல் படியும் மெல்லிய துரு அது, சில தடவை கிளட்ச் பிடித்ததும் போய்விடுகிறது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பெல் ஹவுசிங் ஓட்டையை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், காய்ந்தே இருக்கிறது. கடைசி தடவை சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) பேக்கிங்கில் லேசான ஈரம் தெரிந்தது. அங்கிருந்து கிளட்சுக்குள் ஆயில் ஏறிவிடாதுதான், ஆனாலும் அடுத்த ஆயில் மாற்றத்தோடு அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு நின்றால், அது எங்கிருந்து வந்தது என்று மறுபடி முதலிலிருந்து தேட எனக்கு விருப்பமில்லை.