மலிவு பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்டில் இடைவெளி அடைக்க எது நல்லது: பட்டியா, ஃபெவிக்விக்கா, ஸ்ப்ரூக் கூழா?

2025 செப்டம்பர் 26-இல் இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்ற மிக்-21 போர் விமானத்தை 1/72 அளவில் கட்டினால், இறக்கை நுனிக்கு நுனி 10 சென்டிமீட்டர்கூட வராது. அதில் இறக்கையும் உடலும் சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், அசல் விமானத்தில் 36 மில்லிமீட்டர் ஓட்டை என்று அர்த்தம். மலிவு கிட்டுகளில் இது சகஜம்.

எதையும் அடைக்கும் முன், பசை போடாமல் டேப் ஒட்டிப் பொருத்திப் பாருங்கள். உடலின் இரு பாதிகளுக்கு நடுவே ஒரு ஸ்ப்ரூத் துண்டை (கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) முட்டுக்கொடுத்துச் சற்று விரித்தாலே பல இடைவெளிகள் மூடிக்கொள்ளும். அதன்பின் மிஞ்சுவதற்குத்தான் மருந்து.

சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் வண்டிக்குப் பட்டி பார்க்க வாங்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி மலிவு, தேய்க்கவும் சுலபம். ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாக ஆவியாகப் பட்டி சுருங்கும். ஒரே பூச்சில் நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். பெயிண்ட் அடித்துச் சில நாள் கழித்து அங்கே பள்ளம் விழும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசுங்கள். இறக்கையின் பின்விளிம்பு போன்ற மெல்லிய இடத்தில் கொட்டினால் பிளாஸ்டிக்கே இளகி நெளியும்.

ஃபெவிக்விக் சுருங்காது. தனியாகப் போட்டால் வழிந்தோடும் என்பதால், டால்கம் பவுடரைக் குழைத்துக் குச்சி முனையால் வையுங்கள். ஆப்பசோடா தூவினால் நொடியில் இறுகிக் கல்லாகிவிடும், தேய்ப்பதற்குள் சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். பவுடர் கலவையையும் மறுநாளுக்கு விடாமல், இறுகிய ஒரு மணி நேரத்துக்குள் 400, 800, 1200 என எமரித் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிட வேண்டும். காக்பிட் கண்ணாடி அருகே மட்டும் இது வேண்டவே வேண்டாம். இதன் ஆவி ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும், சென்னைக் காற்றில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, அதே கிட்டின் ஸ்ப்ரூவை நறுக்கி, திரவப் பிளாஸ்டிக் சிமென்டில் கண்ணாடிக் குப்பியில் ஓர் இரவு ஊறவைத்துத் தேன் பதத்தில் எடுக்கும் கூழ். காய இரண்டு மூன்று நாள் ஆகும், குமிழியும் வரும், சற்றுச் சுருங்கவும் செய்யும். ஆனாலும் பேனல் கோடு (அசல் விமானத்தின் தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பள்ளக்கோடு) கடக்கும் இணைப்புக்கு எங்கள் தேர்வு இதுதான். காய்ந்தபின் அது கிட்டின் பிளாஸ்டிக்கேதான். தேய்ப்பில் அழிந்த கோட்டை மீண்டும் கீறும் ஊசி தடுமாறாமல் நேராக ஓடும். ஃபெவிக்விக் மீது ஊசி துள்ளும், பட்டியில் கோட்டின் விளிம்பு உதிரும்.

எந்த நிறம் என்பதும் தேர்வை மாற்றும். விமானப்படையின் ஆரம்பகால மிக்-21 போல வெள்ளி நிறம் என்றால் ஒரு சிறு கீறலும் மறையாது. நீள இணைப்புகளுக்கு ஃபெவிக்விக்தான் சரி. பச்சை, பழுப்பு உருமறைப்புக்குப் பட்டியே போதும்.

எதைப் போட்டாலும் சாம்பல் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்துப் பாருங்கள், விட்டுப்போன பள்ளமெல்லாம் தெரிந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை இருட்டும் நாளில் லாக்கர் பிரைமரைத் தொடாதீர்கள். கரைப்பான் சட்டென ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுத்துவிடும். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் நண்பகலில் அடியுங்கள்.