உப்புவெளியில் பிள்ளைகளுக்கு விஆர் பயிற்சி: போகலாமா?

பெருமூளை வாதத்தால் என் மகனுக்கு வலது கையும் காலும் இறுக்கம். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு தனியார் பிசியோ நிலையத்தில் விஆர் பயிற்சி கொடுக்கிறார்கள் (கண்ணை மூடி ஒரு பெரிய கண்ணாடியை மாட்டினால், அதற்குள் தெரிகிற உலகத்தில் கையை ஆட்டி விளையாடுவது), அங்கேதான் கூட்டிக்கொண்டு போகிறோம். போகலாம், ஆனால் கருவியைப் பார்த்து மயங்க வேண்டாம், பக்கத்தில் நிற்கிற ஆளைப் பாருங்கள்.

கடலுக்கடியில் மிதக்கிற குமிழிகளை எட்டி உடைக்க வேண்டும் (ஊரைச் சுற்றிக் கடல் கிடக்க, கடல் பார்க்கக் காசு!). வீட்டில் கையை உயர்த்து என்றால் முகத்தைத் திருப்புகிறவன் இதில் சலிக்காமல் எட்டுகிறான், அது உண்மை. ஆனால் விட்டால் எல்லாவற்றையும் இடது கையால், இல்லாவிட்டால் உடம்பைச் சாய்த்து உடைத்துவிடுவான். புள்ளி ஏறும், வலது தோளும் முழங்கையும் சும்மா இருக்கும். அங்கிருக்கிற மிஸ் அவன் பார்ப்பதை டிவியில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்து, குமிழி வருகிற உயரத்தையும் பக்கத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார். விரித்த கையைக் கண்ணாடியில் இருக்கிற கமரா தானாகவே பிடித்துவிடும், பொத்திய கைக்கு அது சரிவராது என்பதால் கையில் பிடிக்கிற கொன்ட்ரோலரைப் பட்டியால் கட்டிவிடுவதும் அவர்தான். அவர் லீவில் நின்ற நாள் வேறொரு பெடியன் கண்ணாடியை மாட்டிவிட்டு போனோடு இருந்தான், கொடுத்த காசு கேம் விளையாடத்தான்.

கண்ணாடி மெட்டா குவெஸ்ட் 3. 515 கிராம், பாரம் முழுக்க முகப் பக்கம், கழுத்து உறுதியில்லாத பிள்ளைக்கு ஒத்துவராது. 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்று நிறுவனமே சொல்கிறது. தலையில் ஒன்றும் மாட்டத் தேவையில்லாமல் உடம்பு அசைவைக் கமராவால் பிடிக்கிற எக்ஸ்பொக்ஸ் கினெக்ட் சின்னவர்களுக்கு வசதி, அதை மைக்ரோசொப்ட் 2017இலேயே நிறுத்திவிட்டது. அப்புறம் வலிப்பு. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அதுவும் உண்டு, மின்னுகிற படம் சிலருக்கு அதைத் தூண்டிவிடும். இங்கே பதியும்போது அதைக் கேட்கவே இல்லை, நீங்களாகச் சொல்லுங்கள், டாக்டரிடமும் முதலே கேளுங்கள்.

நிலையம் மாடியில், லிப்ட் கிடையாது! நடக்க ஏலாத பிள்ளைகளுக்கென்று நடத்துகிற இடம் இது. மூதூரில் இருந்து பஸ்ஸில் வருகிற தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் முகப் பஞ்சு வியர்வையில் ஊறிவிடும், துணி உறை ஒன்று கொண்டு போங்கள்.

முழங்கை முன்பைவிட நீள்கிறது. வீட்டுப் பயிற்சியையும் ஸ்பிளிண்டையும் (இறுகாமல் தாங்கிப் பிடிக்கக் கட்டுகிற பட்டை) நாங்கள் விடவில்லை, அதனால் எல்லாப் பெருமையையும் கண்ணாடிக்குக் கொடுக்க மாட்டேன். பதியும்போது அந்த மிஸ் நிற்கிற நாளா என்று கேட்டுப் பதியுங்கள், சனி காலையில் கூட்டம் குறைவு.