20 நாள் லீவும் அத்தானின் இடது காதும்

மஸ்கட்டிலிருந்து ஜூலையில் 20 நாள் லீவு. வீட்டுப் பட்டாவில் பெயர் மாற்றுவது, திற்பரப்பு அருவியில் ஒரு குளியல், குலசேகரத்துப் பக்கம் அக்கா வீட்டில் மரச்சீனியும் மீன்கறியும். கணக்கு அவ்வளவுதான். பட்டா இன்னும் அப்படியே கிடக்கிறது. லீவில் பெரும்பகுதி நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போயிற்று. ஊருக்கு வருகிற நம்மவர்கள் ரோடு, பேங்க், தாலுகா ஆபீஸ் பற்றி நிறைய எழுதியாயிற்று. நான் ஆஸ்பத்திரி பற்றி எழுதுகிறேன்.

அத்தானுக்கு ரப்பர் பால்வெட்டு. வயது 48. நான் போய் இறங்கியபோதே இரண்டு வாரமாகத் தலைவலி என்றார்கள். இரண்டு கிளினிக் பார்த்தாயிற்று. ஒருவர் ஒற்றைத் தலைவலி என்றும், இன்னொருவர் மழையில் நனைந்த சளி என்றும் சொல்லி மாத்திரை எழுதியிருந்தார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் பாரசிட்டமால். காய்ச்சல் வெளியே தெரியாமல் அது அமுக்கிவைத்திருக்கலாம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அத்தானுக்கு வந்தது மூளையில் சீழ்க்கட்டி. காய்ச்சலே இல்லாமலும் இது வருமாம், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தானாம்.

மூன்றாம் நாள் காலை நான் திண்ணையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் தோட்டத்துக்குப் புறப்பட்டவர் திரும்பி வந்து, “தம்பி, அத எடு... அது... பால் விழும்லா, அது” என்றார். சிரட்டை, ரப்பர் பால் பிடிக்கிற கொட்டாங்கச்சி. தினமும் சில நூறு சிரட்டைகளைத் தொடுகிற மனிதருக்கு அந்தச் சொல் வரவில்லை. நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இப்போதும் உறுத்துகிறது. மறுநாள் விடியற்காலை வலது கை இழுத்து, வாயில் நுரை தள்ளி, கட்டிலிலிருந்து விழுந்தார்.

108 வந்து சேர 25 நிமிடம் ஆனது. மலையோரத்து மழைக்கு இது நல்ல நேரம்தான். அதன்பிறகு நாகர்கோவில் வரை ஒன்றேகால் மணி நேரம். தக்கலை தாண்டியதும் குழிகளில் வண்டி விழுந்து எழுந்த ஒவ்வொரு தடவையும் அக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் பையன் ஆக்சிஜன் வைத்து, சர்க்கரை பார்த்து, போகிற இடத்துக்கு முன்கூட்டியே போனும் பண்ணிவிட்டான். மஸ்கட்டில் இதைவிட நல்ல வண்டி பார்த்திருக்கிறேன், இதைவிட நல்ல ஆளைப் பார்த்ததில்லை.

கேஷுவாலிட்டியில் டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கை கால் பலம் பார்த்தார். சாராயப் பழக்கம் உண்டா என்று கேட்டார். காதைக் கண்டுபிடித்தது ஒரு சிஸ்டர். ஊசி குத்த அத்தானின் தலையைத் திருப்பியவர் மூக்கைச் சுளித்து, இடது காதிலிருந்து மஞ்சளாய் ஒரு பஞ்சை எடுத்தார். “அம்மா, இது எவ்வளவு நாளா ஒழுகுது?”

“கல்யாணத்துக்கு முன்னாலயே உண்டு சிஸ்டர். சும்மா ஒழுகும், வலியொண்ணும் கிடையாது” என்றாள் அக்கா.

உண்மைதான். கல்யாண போட்டோவிலேயே அந்தப் பஞ்சு இருக்கிறது. எங்களுக்கு அது அத்தானின் மீசை மாதிரி, அவரோடு சேர்ந்த ஒரு சாமான். பூண்டு போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய் விடுவார், பஞ்சு வைப்பார், குளத்தில் குதிப்பார்.

சிடி ஸ்கேன், அதுவும் மருந்து ஏற்றி எடுப்பது, வந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பணம் போனிலேயே கட்டினேன். இங்கே நம் ஊரை அடித்துக்கொள்ள முடியாது. நியூரோசர்ஜன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இடது பொட்டுக்கு உள்ளே மோதிரம் போல ஒரு வெள்ளை வளையம், நடுவில் கருப்பு, சுற்றிலும் வீக்கம். குறுக்களவு 3.5 சென்டிமீட்டர். மோதிரம் என்றாலே சீழ்க்கட்டி என்று அர்த்தமில்லையாம். காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் முட்டையால் வருவது, புற்றுநோய், எல்லாமே நம் நாட்டில் இப்படி மோதிரம் போடும். அதனால் எம்ஆர்ஐ. அதில் ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தில் கட்டியின் நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் சீழ். குழகுழப்பான சீழுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் அசைய முடியாமல் மாட்டிக்கொள்வதால் அப்படித் தெரியுமாம். அத்தானுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது.

சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். காதின் உள்ளறைக்கு மேலே கூரை மாதிரி மெல்லிய எலும்பு ஒன்று, அதற்கு அந்தப்புறம் மூளை. வருடக்கணக்கில் ஒழுகும் காதில் சிலருக்குத் தோல் உள்ளே வளர்ந்து, கட்டியாகி, அந்த எலும்பை அரிக்கும். கூரை ஓட்டையானால் கிருமிக்கு வழி கிடைத்துவிடும். மேலே போனால் பொட்டுப் பகுதி, பின்னால் போனால் சிறுமூளை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் சொற்களும் இடது பக்கத்தில்தான். சிரட்டை என்ற சொல் எங்கே போயிற்று என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

காது மட்டும்தான் என்று அவர் முடிவுகட்டிவிடவில்லை. சொத்தைப் பல் உண்டா, சைனஸ் உண்டா, சின்ன வயதில் இதயத்தில் ஓட்டை என்று யாராவது சொன்னார்களா, தலையில் அடி, சர்க்கரை என்று வரிசையாகக் கேட்டார். சைனஸிலிருந்து வந்தால் நெற்றிப் பக்கம் கட்டுமாம். பல்லிலிருந்தும், இதய வால்வுத் தொற்றிலிருந்து இரத்தம் வழியாகவும் வரும்.

முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். மஸ்கட்டில் என் ரூம்மேட்டுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது எடுத்தார்கள். கூடவே கூடாது என்றார். உள்ளே அழுத்தம் இருக்கும்போது கீழே நீரை எடுத்தால் மூளையே கீழ்நோக்கி இறங்கி ஆள் போய்விடலாம்.

அதற்குள் வராந்தாவில் சொந்தக்காரர்களின் மாநாடு கூடிவிட்டது. ஒரு சித்தப்பா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் என்றார். பெரியம்மா மகன் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிதான் என்று ஒற்றைக்காலில் நின்றான். எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் பிறகு நெய்யூரில் வந்து இருந்து வைத்தியம் பார்த்த மாவட்டம் இது. வைத்தியம் பற்றி எங்கள் ஆட்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்காது. அக்காதான் முடித்தாள்: “இனியும் வண்டியில போட்டுக் குலுக்கண்டாம்.”

இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் என்றால் வெறும் மருந்தை நம்புவதில்லையாம். அன்றிரவே மண்டையோட்டில் சின்னதாக ஒரு துளை போட்டு ஊசியால் உறிஞ்சினார்கள். காட்டவும் காட்டினார்கள். சிரிஞ்சில் பச்சை கலந்த மஞ்சள், நாற்றம் மாஸ்க்கைத் தாண்டி வந்தது. காற்று இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளின் வாடை அது என்றார் டாக்டர். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் கிருமியைக் கொல்லும் இரண்டு மருந்துகளை, செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் 12 மணி நேரத்துக்கொருமுறை, மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் 8 மணி நேரத்துக்கொருமுறை, ஏற்றினார்கள். வலிப்புக்குத் தனி மாத்திரை. வீக்கத்துக்குச் சில நாள் மட்டும் ஸ்டீராய்டு. ஸ்கேன் வராத காலத்தில் இந்த நோயில் ஏறக்குறைய பாதிப் பேர் வரை இறந்தார்கள், இப்போது பத்தில் ஒருவரைத்தான் இழக்கிறோம் என்றார். அந்த ஒருவரைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் டிஸ்சார்ஜ். ஊசி மருந்து மொத்தம் 6 முதல் 8 வாரம் போக வேண்டும், நாங்கள் இரண்டு வாரத்தில் வெளியே வந்தோம். மிச்ச நாளுக்கு யார் குத்துவது என்று சீட்டில் ஒரு வரி இல்லை. கவுண்டரில் கேட்டால் “பக்கத்துல பாத்துக்கங்க.” பக்கத்தில் என்றால்? ஒரு கிளினிக் மாட்டேன் என்றது, இன்னொன்று ராத்திரி டோஸுக்கு ஆள் இல்லை என்றது. கடைசியில் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். டாக்டரிடம் அவரைப் போனில் பேசவைத்தோம். டார்ச்சும் குடையுமாக மூன்று வேளையும் நடந்து வருகிறார். காசு கொடுத்தால் கோபப்படுகிறார், மட்டிப்பழக் குலை கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். வருகிறவர்கள் இதை டிஸ்சார்ஜுக்கு மூன்று நாள் முன்பே ஏற்பாடு பண்ணிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆனால் வருமானச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்கும் விஏஓ ஆபீசுக்கும் நடுவில் ஓடும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். இரண்டாவது ஸ்கேனில் மோதிரம் சுருங்கியிருந்தது. காது ஆபரேஷன் செப்டம்பரில். அரித்த எலும்பைச் சுத்தம் பண்ணாவிட்டால் திரும்பவும் வருமாம். பைக் கூடாது, மரம் ஏறக் கூடாது, குளத்தில் தனியாக இறங்கக் கூடாது. அத்தானுக்கு இதெல்லாம் பெரிதில்லை. வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது, நெய்மீன் குழம்புகூடத் துருப்பிடித்திருக்கிறது என்பதுதான் தினசரிப் புகார். அது அந்த மெட்ரோனிடசோலின் வேலை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா மகனை நானே காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். பதினொரு வயது. அவனுக்கும் இடையிடையே ஒழுகும் என்று அக்கா போகிறபோக்கில் சொல்லியிருந்தாள். டோக்கன் 43, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். செவிப்பறையில் சின்ன ஓட்டை, எலும்பை அரிக்கவில்லை, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் பையன் கேட்டான்: “அப்ப திற்பரப்பு போவண்டாமா மாமா?”