சென்னை குப்பை ஒப்பந்தம்: வண்டிக்கு நல்ல மார்க், சம்பளச் சீட்டுக்குக் குறைவு

சென்னையில் குப்பை அள்ளும் வேலை தனியார் கைக்குப் போகத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 2000-இல் ஓனிக்ஸ் என்ற கம்பெனி வந்தபோது கணக்கு சுலபம்: இத்தனை டன்னுக்கு இத்தனை ரூபாய். 2020-இல் ஏழு மண்டலங்கள் உர்பேசர் சுமீத் கம்பெனி வசம் போனபோது அந்தக் கணக்கு மாறி, செயல்திறன் குறியீடுகளைப் பார்த்துப் பணம் என்றானது. வண்டி வீடு வீடாக வந்ததா, தொட்டி வழிந்து கிடந்ததா, தெரு பெருக்கினார்களா என்றெல்லாம் பார்த்து மார்க் போடும் முறை.

இந்த மாற்றம் சரியானதுதான். எடைக்குக் காசு என்றால் மண்ணும் கட்டட இடிபாடும் குப்பையோடு சேர்ந்து எடை மேடை ஏறும். வீட்டிலேயே உரமாக்கிக் குப்பையைக் குறைப்பவர் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம் வைப்பவர் ஆகிவிடுவார். பேட்டரி வண்டிகள் சந்துக்குள் நுழைகின்றன. தெருமுனைத் தொட்டியை நம்பியிருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல்.

தரம் பிரிப்பில்தான் முதல் ஓட்டை. பேட்டரி வண்டியில் ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர் குப்பைக்கு நீலம் என்று டப்பா இருக்கும். ஆனால் பின்னால் வரும் கம்பாக்டருக்கு, அதாவது குப்பையை அழுத்தி ஏற்றும் லாரிக்கு, வாய் ஒன்றுதான். இரண்டையும் அதில் கவிழ்த்து அழுத்தினால், காலையில் நீங்கள் பிரித்துக் கொடுத்த பாடு பத்து விநாடியில் வீண். அழுத்தும்போது இறங்கும் கழிவுநீரைப் பிடிக்க அடியில் ஒரு தொட்டி உண்டு. அது நிரம்பியதும் மழைநீர் வடிகால் ஓரமாக வால்வைத் திறந்துவிட்டால் தெரு நாறும். 'பிரித்து வாங்க வேண்டும்' என்று எழுதினால் போதாது, 'பிரித்தே கொண்டுபோய் இறக்க வேண்டும்' என்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உலர் குப்பைக்குத் தனி வண்டி, தனி எடைச் சீட்டு. இந்தச் சீட்டைக் கேட்காத அதிகாரிக்குத் தரம் பிரிப்பு வெறும் போஸ்டர்தான்.

அடுத்தது பணியாளர் பாக்கி. ஒப்பந்தத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள்; சரிபார்ப்பது அரிது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டையும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பிஎஃபுக்கு உரிய சம்பளம் 15,000 ரூபாய் என்றால் பணியாளர் பங்கு 1,800, ஒப்பந்ததாரர் பங்கு 1,800. இஎஸ்ஐயில் பணியாளர் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். முதலாளி பங்கையும் பணியாளர் சம்பளத்திலேயே கழிப்பது பழைய தந்திரம். புதிதாக ஒன்று உண்டு: பிஎஃபுக்கு மாதாமாதம் இணையத்தில் ஏற்றும் கணக்கு அறிக்கையான ஈசிஆரில் 'என்சிபி நாட்கள்' என்றொரு கட்டம், சம்பளமில்லாத நாட்களுக்கானது. 26 நாள் வேலை செய்தவருக்கு அதில் 10 என்று போட்டு, சம்பளத்தையும் அதற்கேற்பக் குறைத்துக் காட்டினால் பங்குத்தொகை சுருங்கிவிடும். சலானில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுபவருக்கு இது கண்ணில் படாது.

ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சிதான் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஓய்வறை, குடிநீர், கழிவறை போன்ற நலவசதிகளையும் முதன்மை வேலையளிப்பவர் தலையில் வைத்துவிட்டது. 'அது கம்பெனி பொறுப்பு' என்று வார்டு அலுவலகம் இனிக் கைகழுவ வழியில்லை.

அபராதப் பிரிவும் சிக்கலானது. தெரு பெருக்கவில்லை என்று ஒப்பந்ததாரர் பில்லில் மாநகராட்சி பிடித்தால், அந்தப் பிடித்தம் மெதுவாக மேஸ்திரி வழியே பெருக்குபவர் சம்பளத்தில் வந்து விழும். 'அபராதத்தைப் பணியாளரிடம் வசூலிக்கக் கூடாது' என்ற ஒரு வரி இல்லாத ஒப்பந்தம் அரைகுறை. 5, 6-ஆம் மண்டலங்களைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்ததற்குப் பின்னாலும் சம்பளம் குறைந்துவிடும் என்ற கவலை இருந்தது.

உங்கள் வார்டு எப்படி என்று பார்க்க ஆசையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். பதில் தர 30 நாள் கெடு. பெயர், வங்கிக் கணக்கு கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். ஒரே மாதத்துக்கு எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள்: வருகைப் பதிவேட்டில் எத்தனை பேர், ஈசிஆரில் எத்தனை பேர், பில்லில் எத்தனை பேர். மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கூடவே, அந்த ஈசிஆரில் என்சிபி நாட்கள் மொத்தம் எத்தனை என்றும் கேளுங்கள்.