கோத்தகிரியில் இருந்தபடி கேட் தேர்வு: ஆன்லைன் மாதிரித் தேர்வுத் தொகுப்பு எவ்வளவு உதவியது?

ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் தேர்வுக்காகக் காசு கொடுத்து வாங்கிய மாதிரித் தேர்வுத் தொகுப்பை ஒரு சீசனுக்கு மேலாகவே பயன்படுத்திவிட்டேன். கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. கோச்சிங்குக்காக வாராவாரம் கோயம்புத்தூர் இறங்கி ஏறுவது நடக்கிற காரியமில்லை.

தேர்வு மொத்தம் 120 நிமிடம். ஆங்கிலம், டி.ஐ.எல்.ஆர். (அட்டவணை, வரைபடத் தகவல்களைப் புரிந்துகொள்வதும் தர்க்கப் புதிர்களும்), கணிதம் ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், ஆப்ஷன் உள்ள கேள்வியில் தவறினால் 1 குறையும்.

தொகுப்பில் காசுக்கு மதிப்பானது தேர்வுக்குப் பிறகு வரும் அறிக்கைதான். எந்தக் கேள்வியில் எத்தனை நிமிடம் போனது என்று அப்படியே காட்டிவிடும். டி.ஐ.எல்.ஆரில் இது பெரிய உதவி. அங்கே கேள்விகள் செட் செட்டாக வரும், எல்லா செட்டும் ஒரே கடினம் கிடையாது. முதல் சில நிமிடங்களை எல்லா செட்டையும் படித்துப் பார்க்க ஒதுக்கி, பிடிபடுவதை மட்டும் போடும் பழக்கம் எனக்கு அந்த அறிக்கைகளால்தான் வந்தது. கூடவே வரும் பர்சன்டைலை (நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குக் கீழே என்பதை) பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொகுப்பை வாங்கி எழுதியவர்களுக்குள் போட்ட கணக்குதான் அது.

ஆங்கிலம் சுமார். பத்திகள் கரடுமுரடாக இருக்கிறதே தவிர, கேட் கேட்கிற மாதிரி இல்லை. அதற்கு ஐ.ஐ.எம்.கள் வெளியிடும் பழைய வினாத்தாள்களே போதும், அவை இலவசம். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் படிக்கலாம்.

கரண்ட் என்றதும் என் பெரிய குறை ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்வது அக்டோபர், நவம்பரில். மாதிரித் தேர்வுகள் குவிவதும் அப்போதுதான். இணைப்பு அறுந்தாலும் ஆப்பில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். புகார் செய்தால் ‘நல்ல இணைய வசதி உள்ள இடத்தில் எழுதுங்கள்’ என்று பதில் வருகிறது. சரி, மலையை விட்டு இறங்கி வந்தா எழுதுவது? வாங்கும் முன்பே, குறித்த மணிக்கு மட்டும் திறக்கும் தேர்வா, சில நாட்கள் திறந்திருக்கும் தேர்வா என்று கேட்டுவிடுங்கள்.

உண்மையான தேர்வும் மழைக்காலத்தில்தான். 2024இல் நவம்பர் 24. காலை ஷிஃப்ட் 8.30க்கே தொடங்கும், ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் குன்னூர், பர்லியாறு வழியாகச் சுற்ற வேண்டும். முந்தைய நாளே கோயம்புத்தூர் போய்த் தங்குவதுதான் உத்தமம்.

அப்புறம் விண்ணப்பம். கேட் மதிப்பெண் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான் செல்லும். பல ஐ.ஐ.எம்.கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பணி அனுபவத்தையும் சேர்த்தே பார்க்கின்றன. பணிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சீசன் நேரத்தில் மேனேஜர் கையெழுத்து லேசில் கிடைக்காது.

தொகுப்போடு வந்த மாதிரி நேர்காணல் வேஸ்ட். ‘ஏன் எம்.பி.ஏ.?’ என்பதைத் தாண்டவே இல்லை. உண்மையான நேர்காணலில் என்னைக் கேட்டதெல்லாம் பச்சைத் தேயிலை விலையும் குன்னூர் ஏலமும்தான். இன்னொருமுறை வாங்குவதாக இருந்தால், வீடியோ, நேர்காணல் எதுவும் சேராத, தேர்வுகள் மட்டும் உள்ள மலிவான தொகுப்பைத்தான் எடுப்பேன்.