வேகப் படகுக்கு லைப்போ பேட்டரி வாங்குவோர் கவனத்திற்கு

ரேடியோ கட்டுப்பாட்டு மின்படகுகளை வேகச் சோதனையில் ஓட்டுபவர்கள், "புதியது, சீல் பிரிக்காதது" என்று வாட்ஸ்அப் குழுக்களில் விற்கப்படும் 6 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய பேட்டரிக்குப் புது உறை மாட்டி, 5000 எம்.ஏ.ஹெச். (கொள்ளளவு), 100சி (கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்சாரம் தரும் என்ற அளவு) என்று ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் நடப்பில் இருப்பதால் விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை.

தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்தாலும், மண்டபத்தின் வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் விடியற்காலையில் அலையடங்கிக் கிடக்கும். கடல்தாழை மிதக்காத இடமாகப் பார்த்து அங்கே 330 அடிக்கு மிதவைகள் கட்டி, போகும்போதும் திரும்பும்போதும் எடுத்த வேகங்களின் சராசரியைக் கணக்கில் கொள்வது நண்பர்களாகிய எங்கள் வழக்கம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் ஏறக்குறைய 3.6 நொடியில் முடிந்துவிடும் என்பதால், அந்த நேரத்துக்குள் மோட்டார் கேட்கும் மின்சாரத்தைத் தயங்காமல் கொடுக்கும் பேட்டரிதான் இந்த விளையாட்டுக்கு உயிர்.

முழுதாகச் சார்ஜ் ஏறி 25.2 வோல்ட் காட்டிய பேட்டரியுடன்தான் படகை இறக்கினேன். பாதி தூரம் போவதற்குள் மோட்டாரின் சத்தம் இறங்கியது; கரைக்குத் திருப்புவதற்குள் மூடியின் இடுக்கில் புகை வந்துவிட்டது. திறந்து பார்த்தபோது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கெப்பாசிட்டர்கள் தலைப்பகுதி வெடித்துக் கிடந்தன. பேட்டரியோ கை வைக்க முடியாத சூட்டுடன் பணியாரம் போல உப்பியிருந்தது. உப்புத்தண்ணீர் உள்ளே போனதால் வந்த கோளாறு என்று விற்றவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார். படகின் உட்புறம் உலர்ந்திருந்ததையும், இணைப்பான்களில் தங்கமுலாம் மங்காமல் இருந்ததையும், குளிரூட்டும் தண்ணீர் கடைசிவரை பக்கவாட்டுத் துளை வழியாகப் பீய்ச்சியதையும் படமாகவும் காணொளியாகவும் அனுப்பியபின் அவர் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

ஒருமுறைகூட ஓட்டாத இரண்டாவது பேட்டரியைத்தான் அதன்பின் சோதித்தோம். எடை 560 கிராம் இருந்தது. இந்த அளவுள்ள உண்மையான பேட்டரி பெரும்பாலும் 700 கிராமுக்குக் குறையாது. நீல உறையைக் கத்தியால் மெல்லக் கீறியபோது, உள்ளே கிழித்தெடுத்த பழைய உறையின் பசையும், 4000 என்ற எண்ணின் பாதியும், வெட்டி ஒட்டுப் போட்ட பேலன்ஸ் கம்பிகளும் (ஒவ்வொரு செல்லையும் சமமாகச் சார்ஜ் செய்ய உதவும் மெல்லிய கம்பிகள்) தெரிந்தன. சார்ஜரில் அளந்தபோது ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையும் (மின்சாரம் வெளிவருவதைச் செல்லே தடுக்கும் அளவு) 10 மில்லி ஓமை ஒட்டி இருந்தது. நல்ல செல்லில் இது 2 மில்லி ஓம் அளவில் இருக்கும். 150 ஆம்பியர் இழுக்கும்போது நல்ல பேட்டரியில் 1.8 வோல்ட் இறங்கும் இடத்தில், இதில் 9 வோல்ட் இறங்கிவிடுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தை விட்டுவிட்டு இழுப்பதால், அந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தாங்க வேண்டிய கெப்பாசிட்டர்கள் சூடேறி வெடிப்பதில் வியப்பில்லை. மக்கள் குளிக்கும் கரையில் இப்படியொரு பொருள் தீப்பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் பணத்தைவிட என்னை அதிகம் வருத்துகிறது.

100சி என்ற எழுத்தை நம்ப வேண்டாம். 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு அதன் பொருள் 500 ஆம்பியர். அதிலிருந்து வரும் கம்பியால் அவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து தாங்கவே முடியாது. தராசில் வைத்த படத்தையும் உள்மின்தடை காட்டும் சார்ஜர் திரையின் படத்தையும் கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வந்த பார்சலைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துவைப்பதும், பணம் அனுப்பிய விவரத்தை அழிக்காமல் வைத்திருப்பதும் பின்னால் கைகொடுக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நான் இராமநாதபுரத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதே நீல உறைப் பேட்டரி வைத்திருப்பவர்கள் எடையையும் உள்மின்தடையையும் அளந்து எனக்குத் தெரிவித்தால் மனுவுடன் இணைப்பேன். உப்பிய பேட்டரி கையில் இருந்தால் அதை மீண்டும் சார்ஜ் போடாமல், மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள்.