அருவியாற்றில் வள்ளச் சவாரியும் எட்டரைக் கிலோ வாளையும்

மன்னார் மாவட்டத்தில், தேக்கம் அணைக்கட்டுக்கு மேலே குஞ்சுக்குளம் பக்கமாக, அருவியாற்றில் ஆட்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய்த் தூண்டில் போடவிடுகிற ஓர் அண்ணை இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. ஊருக்குள் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கட்டாயம் போங்கள். சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் மட்டும் அவர்கள் அளவுக்கு உயிர்காப்பு அங்கியை நீங்களே கொண்டுபோங்கள். அந்தக் குறையைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

நான் நெடுங்கேணிப் பக்கம் குளக்கட்டுக்குக் கீழே வளர்ந்தவள். விரால், கெளுத்தி, யப்பான் மீன் (திலாப்பியா) எல்லாம் எங்கள் வீட்டுச் சட்டியில் வாரத்தில் பாதி நாள் கிடந்தவை. மீனைப் பார்ப்பதற்காக யாரும் என்னைக் காசு கொடுத்துக் கூட்டிப்போகத் தேவையில்லை. ஆனால் குளத்து மீனும் ஆற்று மீனும் ஒன்றல்ல. அருவியாற்று வாளையைப் பற்றி மாமா, அதாவது என் கணவரின் அப்பா, கலியாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். வயது ஏறிக்கொண்டு போகிறது, இன்னொரு முறை அந்த ஆற்றில் தூண்டில் போடவேண்டும் என்றார். அதற்காகவே கிளம்பினோம். மாமா, இவர், நான், பத்து வயது மகன்.

வவுனியாவிலிருந்து விடியக் கிளம்பினால் நேரம் பிடிக்காது. முதல்நாளே மடுமாதா கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, அங்கேயே தங்கி, வெளிச்சம் வரத் தொடங்கியதும் புறப்பட்டோம். கடைசித் துண்டு கிரவல் வீதி. இருட்டோடு அந்தப் பாதையில் வரவேண்டாம், யானை நிற்கும் என்று அண்ணை தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். பணம் வருகிறதே என்று எந்த நேரமும் வாருங்கள் எனச் சொல்லாமல் இப்படிச் சொன்னவுடனேயே எனக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

வள்ளம் சாதாரண பைபர் வள்ளம்தான். சின்ன எஞ்சின் ஒன்று பின்னால் இருக்கிறது. அதை இடம் மாறும்போது மட்டும்தான் இயக்குகிறார். மீன் நிற்கிற இடத்துக்குக் கிட்டே வந்ததும் நிறுத்திவிட்டு மரக்கோலால் ஊன்றிப் போகிறார். வேறோர் இடத்தில், வேறொருவரின் படகில் நாங்கள் போயிருக்கிறோம். அங்கே ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுக்கொண்டு சுற்றிக்காட்டிவிட்டுக் கரையில் இறக்கிவிட்டார்கள். ஒரு கொக்குகூட நின்று எங்களைப் பார்க்கவில்லை. இங்கே எஞ்சின் நின்ற பிறகு மருத மரங்களில் பறவைகள் பேசுவது முழுதாகக் கேட்டது. ஒரு மீன்கொத்தி வள்ளத்தின் முன்னணியத்துக்குக் கிட்டவே விழுந்து எழும்பியது. மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

இந்த ஆறு மகாவலிக்கு அடுத்ததாக இலங்கையின் நீளமான ஆறு. 164 கிலோமீற்றர். அநுராதபுரத்தைத் தாண்டி வருகிறவரைக்கும் மல்வத்து ஓயா, எங்களுக்கு அருவியாறு. தேக்கத்தில் மறித்துத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் திருப்புகிறார்கள். மன்னாரின் பெரும்போக நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. மறிப்புக்கு மேலே ஆறு அகன்று, ஆழ்ந்து, மெதுவாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் இதே ஆறு மரங்களைப் பிடுங்கிக்கொண்டு வரும். கோடை முற்றினால் பல இடங்களில் மணலும் மடுக்களுமாகிவிடும். ஆகவே மாரி வெள்ளம் வற்றித் தண்ணீர் தெளிகிற மாசி, பங்குனி மாதங்கள்தான் சரியான காலம். மாரியில் எவ்வளவு காசு கொடுத்தாலும் அண்ணை ஏற்றமாட்டார். வெள்ளம் ஒரு காரணம். அந்தக் காலத்தில்தான் வாளை முட்டைபோட மேலேறும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் குரல் இறுகியது.

ஏறுவதற்கு முன் மூன்று விஷயம் சொன்னார். தண்ணீருக்குள் கையையோ காலையோ தொங்கவிடக்கூடாது. எழும்பி நிற்கக்கூடாது. சாப்பாட்டு மிச்சத்தை ஆற்றில் போடக்கூடாது. மூன்றுக்கும் காரணம் முதலை. போகிற வழியில் மணல்மேட்டில் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அண்ணை வள்ளத்தை எதிர்க்கரையோடு ஒதுக்கிக் கொண்டுபோனார். கிட்டப்போய்ப் படம் எடுக்கலாமா என்று இவர் கேட்டதற்கு, “அதின்ர இடம் அது, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இனித் தூண்டில். கோல் வேண்டியவர்களுக்குக் கோலும் சுற்றும் சக்கரமும் தருகிறார். அவர் தானாகப் போடுவதும், மாமா கேட்டு வாங்கியதும் கைத்தூண்டில்தான். பலகைத் துண்டில் சுற்றிய தடித்த தங்கூசி (நைலோன் இழை), ஈயக்குண்டு, பெரிய முள்ளு. முள்ளுக்கும் தங்கூசிக்கும் நடுவில் ஒரு முழம் மெல்லிய கம்பி கட்டியிருந்தார். வாளையின் வாய் நிறைய உள்நோக்கி வளைந்த சின்னப் பற்கள். வெறும் தங்கூசியென்றால் அராவி அறுத்துவிடும். இரை, உயிரோடு பிடித்த விரல்நீள யப்பான் மீன். முதுகுச் செட்டைக்குக் கீழே மேலோட்டமாகக் கொளுவினால் நெடுநேரம் நீந்தும். மகனுக்கு மண்புழு கொளுவிய சின்னத் தூண்டில் ஒன்று கொடுத்தார். அவனுக்குக் கெளுத்தி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அண்ணைதான் கழற்றினார். கெளுத்தியின் பக்கமுள்ளு குத்தினால் பிள்ளை இரவு முழுக்க அழும் என்று, துணியால் பொத்திப் பிடித்துக் கழற்றிக் காட்டினார்.

என் கருத்தில் இந்தச் சேவைக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அவருக்கு ஆறு தெரியும் என்பதற்காகத்தான். வளைவொன்றில் பழைய மருதமரம் பாதி சரிந்து வேர்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தது. நேரே அந்த நிழலில் தூண்டிலை எறியப் பார்த்த என்னை நிறுத்தினார். வேருக்குள் போட்டால் மீன் கொத்தும், வெளியே எடுக்கமுடியாது. வேருக்கு மேலே, நீர் வருகிற பக்கத்தில், இரண்டு பாகம் (பன்னிரண்டு அடியளவு) தள்ளிப் போட்டால் அதுவே வெளியே வந்து எடுக்கும். நீரோட்டம் இரையின் மணத்தை நிழலுக்குள் கொண்டுபோகும். வாளைக்கு இரண்டு நீண்ட மீசை இருப்பது இதற்குத்தான், கலங்கிய தண்ணீரிலும் இரவிலும் அது மீசையாலும் மணத்தாலும்தான் இரை தேடும் என்றார். வெயில் ஏறிவிட்டால் ஆழத்துக்குள் போய்ப் படுத்துவிடும். அதனால் காலையில் கிடைப்பது குறுகிய நேரம்தான். அந்த நேரத்தை ஊர் சுற்றிக்காட்டிக் கரைக்காமல் நேராக இடத்துக்குக் கொண்டுபோனதே பெரிய விஷயம்.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மாமாவுக்கு ஒரு விரால் வந்தது. பிறகு என் விரலில் சுற்றியிருந்த தங்கூசி இரண்டு தரம் மெல்லத் துடித்து, ஓய்ந்து, அப்படியே நேராக வேரைப் பார்த்து ஓடத் தொடங்கியது. விராலின் இழுவை எனக்குத் தெரியும், சடாரென்று வெட்டும். இது வேறு. நாம்பன் மாட்டைக் கயிற்றில் பிடித்ததுபோல, அவசரமே இல்லாத பலம். அண்ணை கைக்குத் துணியை எறிந்துவிட்டு மரக்கோலை ஊன்றி வள்ளத்தை நடு ஆற்றுக்குத் தள்ளினார்.

“பிள்ளை, இழுக்கவேண்டாம். இறுக்கிப் பிடிச்சால் காணும். அவர் ஓடட்டும், களைச்சாப்பிறகு தானா வருவார்.”

மாமா பின்னால் இருந்து, “தளர விடாதை, தளர விடாதை” என்கிறார். இருவரும் சொன்னது ஒன்றுதான் என்பது கை சொல்லித்தான் விளங்கியது. விட்டுக்கொடுக்கவேண்டும், ஆனால் தங்கூசி ஒரு கணமும் தொய்யக்கூடாது. மீன் இரண்டு முறை வள்ளத்துக்குக் கீழே போய் மறுபக்கம் வந்தது. மூன்றாவது முறை மேலே திரும்பியபோதுதான் முழுதாகக் கண்டோம். வெள்ளி நிறம், செதிலே இல்லை, தட்டையான தலை, கண்ணையும் தாண்டிப் போகிற வாய். வயிற்றிலிருந்து வால்வரைக்கும் ஒரே நீளச் செட்டை அலைந்துகொண்டிருந்தது. மகன் பயந்து என் முதுகோடு ஒட்டிக்கொண்டான். அண்ணை அத்தாங்கை (கைவலையை) தலைப்பக்கமாகக் கொடுத்து ஒரே தூக்கில் உள்ளே போட்டார். வாய்க்குள் யாரும் கைவைக்க விடவில்லை. முள்ளைக் கழற்ற நீண்ட குறடு வைத்திருக்கிறார்.

தொங்கு தராசில் எட்டரைக் கிலோ. நிமிர்த்திப் பிடித்தால் மகனின் நெஞ்சுக்கு மேலே வந்தது. மாமா அதன் மீசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. அவருக்கு அந்த ஆற்றில் இன்னொரு வாளையைக் காணக் கிடைத்ததே எனக்குப் போதும்.

நேரம் மிச்சமிருந்தது, இன்னொன்று போட்டுப் பார்ப்போமா என்றார் இவர். அண்ணை மறுத்துவிட்டார். ஒரு பயணத்துக்கு ஒரு பெரிய வாளைதான் அவருடைய கணக்கு. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இந்த மீனும் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை ஆற்றுக்குக் குறுக்கே இரவில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குஞ்சும் பெருமீனும் ஒன்றாகச் செத்துக் கிடக்கும் என்று அண்ணை சொன்னபோது கண் கலங்கியிருந்தார். தூண்டில்காரனால் ஆறு வற்றாது. வலையைக் குறுக்கே கட்டுகிறவன் எங்கள் பிள்ளைகளின் மீனைத்தான் அள்ளிக்கொண்டு போகிறான். இதைப் பிரதேசத்து மீனவர் சங்கங்கள் கடுமையாக எடுக்கவேண்டும்.

சமையல் தனிக்காசு. வேண்டாமென்று விடாதீர்கள். ஆற்றங்கரையில் மீனை வெட்ட விடமாட்டார், முதலை பழகிவிடும். வீட்டு வளவில் வைத்து, அவர் மனைவி சாம்பலும் உப்பும் போட்டு உரசி வழுவழுப்பைப் போக்கி, வெட்டிக் கழுவினா. குடலைக் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். குழம்புக்குப் பாலே விடவில்லை. வறுத்த தூள், பழப்புளி, நிறைய உள்ளி, வெந்தயம், கடைசியில் கறிவேப்பிலை. வாளைக்கு நடுமுள்ளைத் தவிரப் பெரிதாக முள் தொல்லை இல்லை. சதை மென்மை, வயிற்றுப்பக்கம் நல்ல கொழுப்பு. பால் விட்டிருந்தால் திகட்டியிருக்கும். குத்தரிசிச் சோறும் அந்தக் குழம்பும் பொரித்த கெளுத்தியும். எங்கள் வீட்டு மீன்குழம்பைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, இது அதைவிட நல்லது. மிச்ச மீனில் பாதியை அவர்களுக்கே கொடுத்தோம். மறுபாதி ஐஸ்பெட்டியில் வந்தது. ஐஸ் அங்கே கிடைக்காது, மறக்காமல் கொண்டுபோங்கள். இந்த மீன் வெயிலில் சீக்கிரம் பழுதாகிவிடும்.

இனிக் குறை. உயிர்காப்பு அங்கி இருக்கிறது, எல்லாம் பெரியவர்களின் அளவு. மகனுக்குப் போட்டது அவன் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள் விழுந்தால் அங்கி மேலே நிற்கும், பிள்ளை கீழே போய்விடும். கழுத்துப்பட்டியைக் கயிற்றால் கட்டி, இவர் முழுநேரமும் அவனைப் பிடித்தபடியே இருந்தார். முதலை உள்ள ஆற்றில் இதைச் சின்னக் குறை என்று விடமுடியாது. இறங்கும்போது நேரடியாகவே சொன்னேன். மறுக்கவில்லை, வாங்கவேணும் பிள்ளை என்றார். வாங்கும்வரைக்கும், தங்கள் அளவு அங்கியோடு வராத பதினைந்து வயதுக்குக் கீழானவர்களை ஏற்றாமல் விடுவதுதான் சரி என்பது என் எண்ணம். வள்ளத்துக்கு மேற்கூரையும் இல்லை. காலை எட்டரை மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். பெண்கள் உடுப்பு மாற்ற அவர் மனைவி வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தா, மலசலகூடம் சுத்தமாக இருந்தது.

நாங்கள் கொடுத்தது வள்ளத்துக்கு மொத்தமாக 8000 ரூபா, சமையலுக்கு 2500. நான்கு பேருக்குமேல் ஏற்றமாட்டார். பெரிய மீன் படாவிட்டாலும் காசு அதேதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், அன்றைக்குக் கேட்காதீர்கள். மடுத் திருவிழாக் காலத்திலும் கிடைக்கமாட்டார். மற்ற நாட்களில் முதல்நாள் பின்னேரத்துக்குள் சொல்லிவிட்டால், இரைமீன் பிடித்து வைத்திருப்பார்.